மூன்றாவது விரல்

தேவாலய வாசலில் பேருந்தை நிறுத்தினோம்.
குவாங்ஃபூ, காலை எட்டு மணி, விட்டும் விடாத மழை.
இடப்பக்கம் சர்க்கரைக்கு ஒரு வரிசை,
வலப்பக்கம் வாய்க்கு ஒரு வரிசை.
நடுவில் நான், பெயர் எழுதுகிறவள்.

லஹோக் இரண்டிலும் நின்றார்.
பளிங்குப் பாறை ஏற்றும் லாரி, ஐம்பத்தாறு வயது.
இடப்பக்கம் ஒரு விரலை நீட்டினார்:
ஒரு சொட்டு ரத்தம்,
இருநூற்று எண்பத்தேழு.
வலப்பக்கம் மூன்று விரலைச் சேர்த்து
நிமிர்த்தி வாய்க்குள் விடச் சொன்னார் மருத்துவர் பெங்.
இரண்டுதான் போயின.
மூன்றாவது வெளியே நின்றது,
கடன் கேட்க வந்தவன்போல.

"பாக்கை விட்டு ஆறு வருஷம்."
யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னார்.
உண்மைதான். பல்லில் பழைய கறை உண்டு,
புதுச் சிவப்பு இல்லை.
பாக்கு இல்லாத வாய்க்கு
கடலோர மலைப்பாதையில் தூக்கம் வராமலிருக்க
டப்பாவில் அடைத்த பால் தேநீர்,
சுவாவோ போய்த் திரும்புவதற்குள் நான்கு.
"அதில் பாக்கு இல்லையே!"

நாக்கின் ஓரத்தில் புண்.
உடைந்த கடைவாய்ப்பல் உரசியதாம்.
அறுவடைத் திருவிழாவுக்கு முன்பே
பல்லைப் பிடுங்கியாயிற்று.
திருவிழா வந்து, ஆடி, முடிந்து,
அடுத்த நாற்றும் நட்டாயிற்று.
புண் மட்டும் போகவில்லை.

பெங் கையுறையைக் கழற்றாமலே சொன்னார்:
ஆறாத இடத்தில் சதை
தைத்துத் தைத்துப் பார்க்கிறது.
ஓயாமல் தைக்கும் கை
ஒருநாள் தையலைத் தவறவிடலாம்.
ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை
ஆறுவதைத் தள்ளிப்போட்டிருக்கலாம்.
அடங்காத அழற்சி உள்ளே புகைந்திருக்கலாம்.
அளவு மீறிய இன்சுலின்
வளரக் கூடாத செல்லின் காதிலும்
வளர், வளர் என்று ஓதியிருக்கலாம்.
பாதை போட்டது பாக்கு.
அதில் சர்க்கரையும் நடந்திருக்கலாம்.

லாம். லாம். லாம்.
இந்த இரண்டெழுத்தை வைத்துக்கொண்டு
ஒரு மனிதனை எப்படி வீட்டுக்கு அனுப்புவது?
போகலாம் என்றால் அனுமதி,
போயிருக்கலாம் என்றால் சந்தேகம்.
லஹோக்குக்கு வேண்டியது முதலாவது:
"அப்போ லாரி ஓட்டலாமா?"

அன்றிரவு அலுவலகத்தில்
பழைய தாள்களைத் தோண்டினேன்.
நீலப் பெட்டி சர்க்கரைப் பிரிவுக்கு,
பச்சைப் பெட்டி பல் பிரிவுக்கு,
இரண்டு வண்டி, இரண்டு மாடி.
நான்கு வருஷத்துக்கு முன்பு நீலத்தில்: அதிகம்.
அதே நாள், பச்சையில்:
வெள்ளைத் திட்டு, கவனிக்கவும்.
இரண்டிலும் அதே பெயர்.
இரண்டிலும் என் கையெழுத்து,
லஹோக்கின் ஹோ கொஞ்சம் சாய்ந்து.

நான்தான் எழுதினேன்.
எழுதுகிற கை படிக்கவில்லை.

நாக்கில் கால் பங்கு போயிற்று.
முன்கைத் தோலை வெட்டி வாய்க்குள் ஒட்டினார்கள்.
சர்க்கரை இறங்கும்வரை
ஒட்டியது ஒட்டுமா என்று
அவர் மனைவி டோங்கி
ஆஸ்பத்திரி நாற்காலியில் பதினெட்டு இரவு
இயந்திரத்தின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஜெபமாலையைவிட அதைத்தான் அதிகம் தொட்டாள்.

இந்த வருஷமும் அதே வாசல்.
இந்த வருஷமும் இரண்டு வரிசையிலும் நின்றார்.
இடப்பக்கம் நூற்று நாற்பத்தொன்று.
வலப்பக்கம் ஒரு விரல்தான் நுழைந்தது.
எச்சில் வழிய, பாதிச் சொல்லை விழுங்கி,
என்னிடம் குனிந்து சொன்னார்:
"கைத்தோல் ஆச்சே,
நாக்கில் முடி முளைக்குது.
சவரம் பண்ணலாமா?"
டோங்கி முதுகில் ஒன்று வைத்தாள்.
நான் சிரித்துவிட்டேன், பிறகு
சிரித்திருக்கக் கூடாதோ என்று
பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவருடைய இரண்டு தாளையும் சேர்த்து
ஒரே பின் அடித்தேன்.
பிறகு அவருக்குப் பின்னால் நின்றவருடையதை,
அவருக்கும் பின்னால் நின்றவருடையதை.

சாயங்காலம் வண்டிக்காரப் பையன்
கட்டைக் கையில் வாங்கி
முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான்:
"அக்கா, இது நீலத்துக்கா, பச்சைக்கா?"